மாதம் 500 ரூபாய்: வாசிப்புச் சந்தாவா, ஓடிடியா?

காவிரிக்கரையாள்:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் நான்கு பேர்: நான், வீட்டுக்காரர், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார். இன்டர்நெட் கட்டணம் போக, சந்தாக்களுக்கென்று மாதம் 500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். இப்போது அது முழுக்க ஓடிடிக்கே போகிறது. அதில் ஒன்றை நிறுத்திவிட்டு, அமேசானின் மின்னூல் வாசிப்புச் சந்தாவான கிண்டில் அன்லிமிடெட் எடுக்க எனக்கு ஆசை. வீட்டுக்காரர் கேட்கிறார்: "ஓடிடின்னா நாலு பேரும் பார்ப்போம், நீ கேக்கறது உனக்கு மட்டும்தானே?" அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

நான் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. தமிழில் உருப்படியாகப் படிக்க அந்தச் சந்தாவில் எவ்வளவு தேறும்? மாமியார் வார இதழ்த் தொடர்கதைகளோடு வளர்ந்தவர். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடுவதில்லை. அவருக்கு இதில் ஏதாவது வழி உண்டா? மகள் ஆங்கிலம் கடகடவென்று படிக்கிறாள், தமிழ் என்றால் புத்தகத்தை மூடிவிடுகிறாள். அவளைத் தமிழுக்குக் கொண்டுவர எது உதவும்?

மலைக்கோட்டை:

அக்கா, எதை எடுப்பது என்று யோசிக்கும் முன் எது வீணாகிறது என்று பாருங்கள். ஓடிடி ஆப் ஒவ்வொன்றிலும் பார்த்தவற்றின் பட்டியல் இருக்கும். போன மாதம் வீட்டில் யார் எதைப் பார்த்தார்கள் என்று திறந்து பாருங்கள். பல வீடுகளில் ஒரு ஆப் மட்டும் தினமும் ஓடும், இன்னொன்று பணம் போகிறது என்பதாலேயே இருக்கும். அந்த இன்னொன்றின் இடத்தில்தான் வாசிப்புச் சந்தா வர வேண்டும். அப்படிச் செய்தால் யாருடைய பங்கும் குறையாது.

இந்தச் சந்தாக்களின் வருமானமே நாம் நிறுத்த மறப்பதில்தான் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். யுபிஐ ஆட்டோபே வைத்திருந்தால், தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி (மேண்டேட்) எல்லாம் அந்த ஆப்பிலேயே ஒரே இடத்தில் தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம். வருடச் சந்தா மலிவு என்று ஆசை காட்டுவார்கள். படிக்கும் பழக்கம் வீட்டில் ஊன்றும்வரை மாதச் சந்தாவே எடுங்கள்.

கொட்டகைக்காரர்:

சினிமாவை எடுத்தவுடன் வீண்செலவுப் பக்கம் தள்ளிவிடாதீர்கள். நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்து, பிறகு அதைப் பற்றி ராத்திரிச் சாப்பாட்டில் பேசுவது குடும்பத்துக்குப் பெரிய விஷயம். மாமியாருக்கும் பேத்திக்கும் பொதுவாக ஒரு கதை கிடைக்கிறதே!

ஆனால் ஓடிடி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்ப் படங்கள் தியேட்டருக்கு வந்து நான்கு வாரம் ஆனால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஓடிடியில் வந்துவிடுகின்றன. வந்த படம் மறுநாளே ஓடிப்போகாது. ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் எதுவும் தப்பாது. மாதா மாதம் தேவைப்படுவது கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கும் மெகா தொடர் பார்க்கிறவர்களுக்கும்தான்.

திட்டத்தின் அடுக்குகளையும் கவனியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது மொபைல் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649 என்று வைத்தது. மொபைல் திட்டம் டிவியில் ஓடாது. நான்கு பேர் சேர்ந்து பார்க்கும் வீட்டுக்கு அது பயன்படாது, பேசிக் போதும். பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம் வருகிறது. விளம்பரம் வேண்டாமென்றால் பிரைம் சந்தாவுக்கு மேல் வருடம் 699 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். அதைக் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் வாசிப்புச் சந்தா நான்கு மாதம் ஓடும்.

எழுத்தாணி:

கிண்டிலில் சொந்தமாக நூல் வெளியிடுகிறவன் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் தமிழ் நூல் எவ்வளவு தேறும் என்ற கேள்விக்குப் பதில் தானாகக் கிடைக்கும்.

கிண்டில் அன்லிமிடெட் இந்தியாவுக்கு வந்தது 2015 செப்டம்பரில். கிண்டிலில் தமிழ் முறையாக வந்தது 2016 டிசம்பரில், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு சேர்ந்து. இப்போது மாதம் 169 ரூபாய். ஒரே சமயத்தில் 20 நூல்வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம். சந்தா நின்றால் எல்லாம் திரும்பப் போய்விடும். அது நூலகம் மாதிரி, வாங்கியதாக ஆகாது.

கிண்டில் கடையில் இருக்கும் எல்லா நூலும் இந்தச் சந்தாவில் கிடையாது. எழுத்தாளர் அல்லது பதிப்பகம் சம்மதித்துச் சேர்த்த நூல் மட்டுமே வரும். என்னைப் போலத் தனியாக வெளியிடுகிறவர்கள் சேர்க்க வேண்டுமென்றால், 90 நாள் அந்த நூலின் மின்வடிவத்தை வேறு எங்கும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ மாட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் நிறுத்தாதவரை அது 90, 90 நாளாகத் தானே நீளும். அச்சு நூல் விற்கத் தடையில்லை. ஆனால் வலைப்பூவில் போட்டு வைத்த கதையை எடுத்தாக வேண்டும். இதற்கெல்லாம் ஏன் சம்மதிக்கிறோம் என்றால், இந்தியக் கடையில் விற்கும் பிரதிக்கு 70 விழுக்காடு ராயல்டி கிடைக்க வேண்டுமானால் நூல் இந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 35தான்.

இதன் விளைவு என்ன என்று பாருங்கள். சந்தாவில் இரண்டு வகை நூல்கள் குவிந்து கிடக்கின்றன: தனி எழுத்தாளர்கள் நேரடியாக ஏற்றியவை, பழைய மாத நாவல்களும் தொடர்கதைகளும் மின்னூலாக மாறியவை. உங்கள் மாமியாருக்கு இது ஒரு சுரங்கம். ஆனால் நீங்கள் இந்த ஆண்டு புத்தகக் காட்சியில் பேசப்பட்ட நாவலையோ மொழிபெயர்ப்பையோ தேடினால், அது கடையில் விலைக்கு மட்டும் இருக்கலாம், மின்னூலாகவே வராமலும் இருக்கலாம்.

அதனால் பணம் கட்டும் முன்னால் ஒரு தாளில் நீங்கள் படிக்க விரும்பும் நூல்களின் பெயரை எழுதுங்கள். கடையில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அன்லிமிடெட்டில் உள்ள நூல் என்றால் அந்தப் பக்கத்திலேயே தெரியும். பட்டியலில் பாதியாவது இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் அந்த 169 ரூபாயில் மாதம் ஒரு மின்னூலை விலைக்கே வாங்கிவிடலாம்.

காவிரிக்கரையாள்:

மிக்க நன்றி சார். தாளில் எழுதித் தேடினேன். என் பட்டியலில் மூன்றில் ஒரு பங்குதான் சந்தாவில் இருக்கிறது. மாமியார் சொன்ன பெயர்களில் பெரும்பாலானவை இருக்கின்றன! அவருக்காக எடுக்க வேண்டும்போல் தோன்றுகிறது. ஆனால் இதற்காகக் கிண்டில் கருவி வாங்க முடியாது. வீட்டில் ஒரு பழைய டேப்லெட் இருக்கிறது.

செவிவழி:

சகோதரி, எனக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் வழியாகத்தான் படிக்கிறேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். எழுத்தின் அளவும் ஒலியும் என் அன்றாடம் என்பதால் உங்கள் மாமியாருக்கு எது ஒத்துவரும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய டேப்லெட்டே போதும். கிண்டில் ஆப்பை இறக்கி எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியை மங்கலான மஞ்சளாக வைத்துக் கொடுங்கள். இதில் ஒரு விஷயம் முக்கியம்: எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் தாமாக மடங்கி உட்கார வேண்டும். ஈபப் என்ற மின்னூல் வடிவத்திலும் கிண்டில் வடிவத்திலும் அது நடக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் நடக்காது. அது பக்கத்தின் புகைப்படம்தான். பெரிதாக்கினால் வரிக்கு வரி பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், வயதானவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே கீழே வைத்துவிடுவார்கள். இலவசமாகக் கிடைக்கும் தமிழ் நூல்களில் பெரும்பகுதி இப்படி ஸ்கேன் பிரதிதான். சந்தாவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த வசதிக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கேட்பது. ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரல் இருக்கிறது. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய் 'செலக்ட் டு ஸ்பீக்' (Select to Speak) வசதியைப் போட்டுவிட்டால், திரையில் உள்ள எழுத்தைப் படித்துக்காட்டும். குரலில் உணர்ச்சி இருக்காது. ஆனால் கதை நன்றாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் குரல் மறந்துபோகும். என் அனுபவம் அதுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: வீட்டில் பார்வைக் குறைபாடோ, புத்தகத்தைப் பிடிக்க முடியாத உடல் நிலையோ, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடோ உள்ளவர்கள் இருந்தால் சந்தாவுக்கு முன் 'சுகம்ய புஸ்தகாலயா'வைப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் தொடங்கிய மின்நூலகம், மத்திய அரசும் இந்திய டெய்சி மன்றமும் சேர்ந்து நடத்துவது, தமிழ் நூல்களும் உண்டு. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக அதை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரலாம் என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இதே நோக்கத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையான மராகேஷ் ஒப்பந்தத்தை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் நம்முடையதுதான், 2014இல். இவ்வளவு இருந்தும், பதிப்பகங்கள் புது நூலைத் திரைவாசிப்பான் படிக்கும் வடிவில் முதல் நாளே கொடுப்பது இன்னும் வழக்கமாகவில்லை. எழுத்தாணி சார், உங்களைப் போல நேரடியாக மின்னூல் போடுகிறவர்கள் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. மற்றவர்கள் வாங்கும் நாளிலேயே நானும் அந்த நூலைப் படித்துவிடுகிறேன்.

நூலகப் படிக்கட்டு:

நாம் எல்லாரும் ஏற்கெனவே ஒரு வாசிப்புச் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிப்பது. சொத்து வரியில் 10 விழுக்காடு. வாடகை வீட்டில் இருந்தாலும் அது உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. கட்டிய பணத்துக்குக் கிளை நூலகத்தில் போய் உறுப்பினர் அட்டை வாங்குங்கள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே அலமாரியில் கைவைத்து எடுக்கட்டும்.

இணையத்தில் காசில்லாமல், சட்டப்படியே படிக்கத் தமிழில் இருக்கும் அளவு பலருக்குத் தெரியவில்லை, அதுதான் என் ஆதங்கம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி ஏற்றியவை. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல்கள்வரை எழுத்துவடிவிலேயே இருக்கும், ஸ்கேன் அல்ல. 2013 முதல் இயங்கும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்கள் தாங்களே பொது உரிமத்தில் (யாரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும் அனுமதித்து) கொடுத்த நூல்கள் ஈபப்பாகக் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் அரிய பழம்பதிப்புகள் இருக்கின்றன. ஈழத்து நூல், இதழ் என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் தளத்துக்கு ஈடு இணை கிடையாது.

இன்னொன்று. நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் பதிப்புரிமை முடிந்தது. புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல், கல்கி 1954இல். இருவர் எழுத்தும் இப்போது பொதுச்சொத்து. இவை போகத் தமிழக அரசு குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியவர்களின் பட்டியல் தனியாக நீள்கிறது. இவர்களின் எழுத்தைப் படிப்பதற்காக யாரும் சந்தா கட்ட வேண்டாம்.

உங்கள் மகளுக்கு: ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கியது, பொது உரிமம். ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், படங்களோடு, நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஆங்கிலத்தில் நான்காம் நிலை படிக்கும்போது தமிழில் இரண்டாம் நிலையில் தொடங்கினால் தவறில்லை. வயதைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுத்தால் குழந்தை திணறி ஒதுங்கிவிடும்.

எழுத்தாணி:

ஐயா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. இலவசம், நூலகம், பொதுச்சொத்து என்று மட்டுமே வாசகர் போய்விட்டால் இன்று உயிரோடு இருந்து எழுதுகிறவன் என்ன செய்வான்? சந்தாவில் நீங்கள் ஒரு பக்கம் புரட்டினால் எனக்குச் சில பைசா வருகிறது. 2015 ஜூலையிலிருந்து கணக்கு அப்படித்தான், படித்த பக்கத்துக்குப் பணம். பெரிய தொகையல்ல. ஆனால் என் நூலில் மொத்தம் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று அது காட்டுகிறது, ஒரு எழுத்தாளனுக்கு அந்தத் தகவல் பெரிது.

நூலகப் படிக்கட்டு:

தம்பி, உங்களுக்குச் சேர வேண்டியது சேரட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதனால்தான் சந்தாவைவிட விலைக்கு வாங்குங்கள் என்கிறேன். கல்கியை இலவசமாகப் படித்து மிச்சமாகும் பணத்தில் உங்கள் புத்தகத்தை அச்சில் வாங்கட்டும்.

மின்னூலை வாங்கினாலும் அது முழுக்க நம் கையில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து அவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்பது காரணம். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களிடமிருந்து நூல்கள் மறைந்தன, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரி 26 முதல் கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைக்கும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் போகும் நூலுக்குச் சந்தா சரி. மகளுக்கும் பேத்திக்கும் கொடுக்க நினைக்கும் நூலைத் தாளில் வாங்குங்கள்.

ஸ்காபரோ வாசகி:

இந்த உரையாடலை வாசிக்க ஆசையாயும் இருக்கு, கொஞ்சம் கவலையாயும் இருக்கு. இங்க ரொறொன்ரோவில பொது நூலக அட்டை ஒண்டு இருந்தாப் போதும், லிபி எண்ட செயலியில ஆங்கில மின்னூலும் ஒலிநூலும் மூண்டு கிழமைக்கு (21 நாளுக்கு) இலவசமா எடுக்கலாம். தவணை முடிய அதுவே திரும்பிப் போயிடும், தண்டப்பணம் இல்லை. கனோபி எண்ட சேவையில படமும் அதே அட்டையில பார்க்கலாம். அதால இங்க என்ர பிள்ளையளுக்கு வாசிப்புச் சந்தா எண்டு ஒரு செலவே இல்லை. அச்சுத் தமிழ்ப் புத்தகமும் கிளை நூலகங்களில அடுக்கி வச்சிருக்கினம்.

எனக்கு விளங்காதது இதுதான்: நூலக வரி கட்டுற தமிழ்நாட்டில, புதிய தமிழ் நூல்களை மின்னூலா இரவல் தர ஏன் பொது நூலகங்கள் பதிப்பகங்களோட ஒப்பந்தம் செய்யக்கூடாது? எழுத்தாளருக்கும் நூலகம் வாங்கின காசு போகும், வாசகருக்கும் மாதச் செலவில்லை. எழுத்தாணி அண்ணை, இப்பிடி ஒண்டு வந்தா உங்களைப் போல ஆக்கள் சேருவினமோ?

எழுத்தாணி:

நாளைக்கே சேர்வேன் அம்மா. ஆனால் நான் மேலே சொன்ன 90 நாள் ஒப்பந்தம் பொது நூலகத்துக்குக் கொடுக்க இடம் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இடம் தராவிட்டால் அந்தத் திட்டத்தை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். 70 விழுக்காட்டை விட்டுவிட்டு 35க்கு இறங்கிவர நூலகக் கொள்முதல் அந்த அளவு இருக்க வேண்டும். அச்சு நூலுக்கு நூலக ஆணை (நூலகங்களுக்காக அரசு வாங்கும் ஆணை) கிடைத்தால்தான் பல பதிப்பகங்கள் மூச்சு விடுகின்றன. மின்னூலுக்கும் அப்படி ஒரு ஆணை வந்தால் நிலைமை மாறும்.

மலைக்கோட்டை:

இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், அத்தனை பேரும் பேச வேண்டிய விஷயம். அக்காவின் 500 ரூபாய்க்கு வருகிறேன். என் கணக்கு இது: மாற்றி மாற்றி எடுக்கும் ஓடிடி ஒன்றுக்கு 200 ரூபாய்க்குள். கிண்டில் அன்லிமிடெட் 169, மாமியார் பெயரில் நியாயப்படுத்தலாம், அதே கணக்கை உங்கள் போனிலும் போட்டுக்கொண்டால் இருவரும் படிக்கலாம். மீதி 130 சொச்சத்தைச் சேர்த்து வைத்துப் புத்தகக் காட்சியில் அச்சு நூல் வாங்குங்கள், வருடத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல் வரும். மகளுக்குச் செலவில்லை.

முக்கியமாக, உங்கள் இன்டர்நெட் அல்லது மொபைல் ரீசார்ஜ் திட்டத்தோடு ஏதாவது ஓடிடி ஏற்கெனவே சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அதே ஓடிடிக்குத் தனியாகவும் பணம் கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரைம் உறுப்பினர் என்றால் அதிலேயே பிரைம் ரீடிங் என்று ஒரு சிறு தொகுப்பு உண்டு, அதில் தமிழ் சொற்பம்.

காவிரிக்கரையாள்:

ஃபைபர் திட்டத்தோடு ஒரு ஓடிடி வருகிறது! தனியாகக் கட்டிக்கொண்டிருந்ததை ரத்து செய்தாயிற்று. வீட்டுக்காரரிடம் கணக்கை எழுதிக் காட்டினேன், "அம்மாவுக்குன்னா எடு" என்றார். மாமியார் டேப்லெட்டில் எழுத்தைத் தானே பெரிதாக்கப் பழகிவிட்டார், கேட்பதைவிடப் படிப்பதுதான் பிடிக்கிறதாம். மகளோடு நூலகம் போய்வந்தேன். ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதையைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. பாட்டி உச்சரிப்பைத் திருத்துகிறார், அதற்காகவே அவள் சண்டை போட்டுக்கொண்டு படிக்கிறாள்.

எழுத்தாணி சாரிடம் ஒரு கேள்வி. மாமியார் டேப்லெட்டில் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் படிக்கிறார். அப்படிப் படித்தால் எழுத்தாளருக்குப் பக்கக் கணக்கு போகுமா? நடுவில் சந்தாவை நிறுத்தினால் அடிக்கோடிட்டவை என்ன ஆகும்?

எழுத்தாணி:

இதை ஒரு வாசகர் கேட்டதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இணைப்பு இல்லாமல் படித்த பக்கங்கள் டேப்லெட்டிலேயே காத்திருக்கும், அடுத்த முறை வைஃபையோடு சேரும்போதுதான் கணக்கில் ஏறும். அதனால் வாரம் ஒருமுறையாவது வைஃபையைப் போட்டு ஆப்பைத் திறந்து விடச் சொல்லுங்கள். நூலைத் திருப்பிக் கொடுக்கும் முன்னும், சந்தாவை நிறுத்தும் முன்னும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு நூலை ஒருவர் முதல்முறை படிக்கும் பக்கங்களுக்குத்தான் பணம், திரும்பப் படித்தால் ஏறாது. அவர் திரும்பப் படிக்கும் நூல் எது என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தமிழில் நான்கு வரி விமர்சனம் எழுதிவிடுங்கள். தமிழ் நூல்களுக்கு விமர்சனம் மிகக் குறைவு, அடுத்த வாசகர் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்.

அடிக்கோடிட்டவை உங்கள் கணக்கில் இருக்கும், நூலை மறுபடி எடுத்தாலோ வாங்கினாலோ திரும்ப வரும். ஆனாலும் வேண்டிய வரிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.